தலைக்கு மேல் ஒரு சுழற்சி

இறகுப்பந்தில் தலைக்கு மேலிருந்து அடிக்கும் அடிகளுக்குப் பெயர் பல, வீச்சு ஒன்றுதான். எதிராளியின் பின்கோட்டுக்கு ஷட்டிலை உயர அனுப்பினால் அது கிளியர். ஆடுகளங்களில் பலர் அதை டாஸ் என்றே சொல்வார்கள். வலையை ஒட்டி மெல்ல விழவைத்தால் டிராப். கீழ்நோக்கி அறைந்தால் ஸ்மாஷ். வேகத்தைக் கொஞ்சம் அடக்கி, கோணத்தை மட்டும் கூர்மையாக்கினால் அரை ஸ்மாஷ். இந்த நான்கிலும் ஆட்டக்காரர் பக்கவாட்டில் திரும்புவதும் கையை உயர்த்துவதும் முழங்கையை முன்னே கொண்டுவருவதும் ஒன்றே. ஷட்டிலை மட்டை தொட்டிருப்பது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி. அந்த நேரத்தில் மட்டையின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதில்தான் வேறுபாடு. ஆகவே இந்த அடிகளைத் திருத்திக்கொள்ள நினைப்பவர் நான்கு அசைவுகளைத் தனித்தனியாகப் பழக வேண்டியதில்லை. ஒரே அசைவை நன்றாகக் கட்டி, அதன் கடைசி முனையை மட்டும் மாற்றத் தெரிந்துகொண்டால் போதும். தவறுகள் தெரிவது அந்த முனையில். பிறப்பதோ கால், இடுப்பு, பிடி என்று வெகு முன்னால்.

முதலில் அடிபடும் பொருளைப் பார்க்கலாம். ஷட்டிலில் 16 இறகுகள். எடை 4.74 முதல் 5.50 கிராம் வரை இருக்கலாம் என்பது விதி. ஒரு கிரிக்கெட் பந்தின் எடையில் முப்பதில் ஒரு பங்கு. இவ்வளவு லேசான பொருள் விரிந்த பாவாடை போன்ற வடிவத்தில் பறப்பதால் காற்று அதைக் கடுமையாகத் தடுக்கிறது. உயரத்திலிருந்து விட்டால் நொடிக்கு 7 மீட்டரை எட்டும் முன்பே அதன் வேகம் நிலைத்துவிடும், அதற்குமேல் கூடாது. அடித்து அனுப்பும்போது ஏறத்தாழ 3 மீட்டருக்கு ஒருமுறை வேகம் பாதியாகிக்கொண்டே போகும். அமலாபுரத்துக்காரரான சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023 ஏப்ரல் 14 அன்று ஜப்பானில் நடந்த சோதனையில் அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பி கின்னஸ் ஏட்டில் ஏறியது. ஆனால் அது மட்டையை விட்ட கணத்து வேகம். எதிராளியிடம் வந்து சேரும்போது மிஞ்சுவது அதில் சிறு பங்குதான்.

இந்தக் காற்றுத் தடையால் கிளியரின் பாதை எறிந்த கல்லின் பாதைபோல இருபுறமும் ஒத்திருப்பதில்லை. போகும்போது சாய்வாக ஏறும்; உச்சியைத் தாண்டியதும் தயங்கி நின்று, ஏறக்குறைய செங்குத்தாக விழும். அடித்த உடனே ஷட்டில் கார்க் பக்கம் முன்னால் வருமாறு புரண்டுகொள்கிறது. அந்தப் புரளலுக்கு நொடியில் நூறில் சில பங்குகளே போதும். இறகுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்த்துக் கட்டப்பட்டிருப்பதால் எப்போதும் ஒரே திசையில் சுழன்றபடி பறக்கிறது. வலப்புறம் சீவி அடித்த டிராப்பும் இடப்புறம் சீவி அடித்த டிராப்பும் ஒரே மாதிரி விழாததற்குக் காரணம் அந்தச் சுழற்சிதான்.

அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையம் போன்ற ஊரில் ஆடுபவருக்கு இங்கே ஒரு கூடுதல் கணக்கு உண்டு. சிமென்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சூழ்ந்த அந்தச் சமவெளியில் கோடை வெயில் 38, 40 டிகிரியைத் தொடும். 20 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 40 டிகிரிக் காற்று ஏறத்தாழ 6 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. தடை குறைந்தால் ஷட்டில் கூடுதல் தூரம் போகும். குளிர்ந்த அரங்கில் பின்கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே விழும் கிளியர், இங்கே சித்திரை மாதத்துப் பிற்பகலில் கோட்டைத் தாண்டிவிடும். அதனால்தான் ஷட்டில்கள் வேக வாரியாக விற்கப்படுகின்றன. இறகு ஷட்டில் குழாயில் 76, 77, 78 என்று அச்சிட்டிருப்பது கிரெய்ன் கணக்கில் எடை. 77 என்றால் 5 கிராமுக்கு ஒரு மயிரிழை குறைவு. வெப்பமான ஊருக்கு எண் குறைந்தது பொருந்தும். நைலான் ஷட்டிலில் கார்க்கைச் சுற்றியுள்ள பட்டையின் நிறம் அதைச் சொல்லும்: பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகமானது. நம் ஊர் வெயிலுக்குப் பச்சை. கடையில் பெரும்பாலும் நீலம்தான் கையில் கிடைக்கும் என்பது வேறு கதை.

ஷட்டிலின் வேகம் சரியா என்று பார்க்க ஆட்ட விதியிலேயே ஒரு சோதனை இருக்கிறது. பின்கோட்டில் நின்று, கீழிருந்து முழு வீச்சோடு மேல்நோக்கி அடிக்க வேண்டும். அது எதிர்ப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் உள்ளே விழுந்தால் சரியான ஷட்டில். இதைச் செய்யாமல் வேகமான ஷட்டிலோடு மாதக்கணக்கில் பழகியவர், தன் கிளியர் பின்கோட்டைத் தொடுகிறது என்று தவறாக நம்பிக்கொண்டிருப்பார். வெளியூர்ப் போட்டியில் மெதுவான ஷட்டிலைக் கையில் கொடுத்தால் அதே அடி நடுக்களத்தில் விழுந்து எதிராளியின் ஸ்மாஷுக்கு இரையாகும்.

அடுத்தது உயரம். எங்கே அடிப்பது என்ற கேள்விக்குப் பயிற்சியாளர்கள் சொல்லும் விடை, எட்டும் உச்சியில், உடம்புக்குச் சற்று முன்னால் என்பது. ஏன் என்பதைச் சிறு கணக்கு காட்டிவிடும். வலை ஓரக் கம்பத்தருகே 1.55 மீட்டர் உயரம். வலையிலிருந்து பின்கோடு 6.7 மீட்டர். காற்றுத் தடையையும் புவியீர்ப்பையும் சற்று ஒதுக்கிவிட்டு, ஷட்டில் நேர்க்கோட்டில் போவதாக வைத்துக்கொள்ளலாம். கையை முழுக்க நீட்டி 2.6 மீட்டர் உயரத்தில் தொடும் ஒருவர், வலையிலிருந்து 4.5 மீட்டருக்குள் நின்றால்தான் அந்த நேர்க்கோடு வலையையும் தாண்டி எதிர்க்களத்துக்கு உள்ளேயும் விழும். அவரே முழங்கையை மடக்கி, 2.3 மீட்டரில் தொட்டால் அந்தத் தூரம் 3.2 மீட்டராகச் சுருங்கிவிடும். துள்ளி எழுந்து 2.9 மீட்டரில் தொட்டால் 5.8 மீட்டர் வரை நீளும். உண்மையில் ஷட்டில் வளைந்து இறங்குவதால் இன்னும் பின்னாலிருந்தும் ஸ்மாஷ் அடிக்க முடிகிறது. ஆனால் விகிதம் இதுதான்: உயரத்தில் ஒரு சாணுக்கும் சற்று மேலே விட்டுக்கொடுத்தால் களத்தில் ஒன்றேகால் மீட்டருக்கு மேல் பறிபோகிறது. துள்ளல் ஸ்மாஷ் வெறும் வேடிக்கை அல்ல என்பதும், கையை மடக்கி அடிக்கும் பழக்கம் எவ்வளவு பெரிய இழப்பு என்பதும் இதில் தெரியும்.

இனி வீச்சு. தினைக்கொல்லையில் பரண்மேல் நின்று கிளி ஓட்டியவர்கள் கவணைச் சுழற்றியபோது செய்ததும், மாந்தோப்பில் பையன்கள் கல்லெறியும்போது செய்வதும், தலைக்கு மேல் மட்டை வீசுபவர் செய்வதும் உடலியக்கத்தில் நெருங்கிய உறவுள்ளவை. தரையை உதைத்த விசை காலிலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து மார்புக்கும், அங்கிருந்து தோள், முழங்கை, முன்கை, விரல் என்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாறுகிறது. கனமான பகுதி முதலில் சுழன்று, தன் வேகம் தணியும்போது அடுத்த லேசான பகுதியை முடுக்கிவிடுகிறது. மாட்டுவண்டிக்காரரின் சாட்டை நுனி சொடுக்கும் ஓசை இப்படித்தான் பிறக்கிறது: பிடியை அவர் ஆட்டுவது கொஞ்சம், நுனியில் சேருவது நிறைய. வரிசை குலைந்தால், அதாவது இடுப்பு திரும்புவதற்குள் கை முந்திக்கொண்டால், பெரிய தசைகள் ஈட்டிய வேகம் வீணாகி, மெலிந்த கை மட்டும் உழைக்கும். ஓங்கி அடித்தும் ஷட்டில் நடுக்களத்தைத் தாண்டாத ஆட்டக்காரரிடம் பெரும்பாலும் இருப்பது பலக்குறைவல்ல, இந்த முந்தல்தான்.

மாங்காய்க்குக் கல்லெறியத் தெரிந்த பிள்ளைக்கு இந்த வீச்சில் பாதி ஏற்கெனவே வரும். எறியும்போது யாரும் மார்பை இலக்குக்கு நேராகக் காட்டி நிற்பதில்லை. பக்கவாட்டில் திரும்பி, எறியும் கைப்பக்கக் காலைப் பின்னால் ஊன்றி நிற்கிறார்கள். முழங்கை முன்னே வர, கை பின்தங்கித் தொங்குகிறது. அந்தப் பின்தங்கலில் ஒரு பொருள் உண்டு. மார்பு, தோளின் முன்புறத் தசைகள் அப்போது உண்டிவில்லின் ரப்பர்போல இழுபடுகின்றன. இழுபட்ட தசை உடனே சுருங்கினால் சும்மா இருந்து சுருங்குவதைவிட அதிக விசை தரும். நிறுத்தி வைத்து அடித்தால் அந்த ஆதாயம் கரைந்துபோகும். மட்டையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்தி, குறிபார்த்து அடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் ஒவ்வோர் அடியிலும் இதை இழக்கிறார்கள்.

கடைசிக் கட்டத்தைப் பற்றி ஒரு பழைய தவறான நம்பிக்கை இன்னும் மைதானங்களில் உலவுகிறது: மணிக்கட்டை வெட்டி அடி என்பது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்பரா கோவிட்ஸ்கியும் டேவிட் வாடலும் 1970களின் பிற்பகுதியில் தேர்ந்த ஆட்டக்காரர்களை அதிவேகப் படச்சுருளில் பிடித்து ஆராய்ந்தார்கள். கண்ணுக்கு மணிக்கட்டு மடங்குவதுபோலத் தெரிவது பெரும்பாலும் மேற்கை தோளுக்குள் உட்புறமாகச் சுழல்வதும் முன்கை தன் அச்சில் திரும்புவதும்தான் என்று அந்தப் படங்கள் காட்டின. பூட்டில் சாவியைத் திருப்பும்போது நடப்பது முன்கைச் சுழற்சி. கதவைத் தட்டும்போது நடப்பது மணிக்கட்டு மடங்கல். ஸ்மாஷின் வேகத்துக்குச் சாவி திருப்புதலே முதன்மை. முன்கையும் மட்டையும் ஒரே கோடாக இல்லாமல் ஒரு கோணத்தில் இருப்பதால், முன்கை தன் அச்சில் சிறிது திரும்பினாலும் மட்டையின் தலை பெரிய வளைவில் பாய்கிறது. வீச்சு முடிந்த பிறகு தேர்ந்தவரின் உள்ளங்கை வெளிப்புறம் பார்த்திருப்பதைக் கவனித்தால் இது விளங்கும்.

இங்கேதான் பிடி வருகிறது. புதிதாக மட்டையைத் தொடுபவர்கள் அதைத் தோசைக்கரண்டிபோல, தட்டையான முகம் வலையைப் பார்க்கும்படி பிடிப்பார்கள். கற்றுத் தராமலே வரும் பிடி அது. அந்தப் பிடியில் முன்கையைச் சுழற்றினால் மட்டையின் முகம் பக்கவாட்டில் விலகிவிடும். ஆகவே உடம்பு தானாகவே சுழற்சியைக் கைவிட்டு, மணிக்கட்டால் தட்டத் தொடங்கும். மட்டையோடு கைகுலுக்குவதுபோலப் பிடித்து, கட்டைவிரலும் சுட்டுவிரலும் பிடியின் மேல்விளிம்பில் ஆங்கில 'வி' வடிவில் அமர்ந்தால், மட்டை விளிம்பு முன்னால் வர ஏறி, கடைசி நொடியில் சுழன்று, தொடும் கணத்தில் முகத்தைக் காட்டும். பிடியை மாற்றாமல் வீச்சைத் திருத்த முயல்வது கோணலாக மாட்டிய கதவை இழைத்துக்கொண்டே இருப்பது போன்றது.

பிடியின் இறுக்கமும் அதற்குச் சமமான விஷயம். மட்டையின் எடை 80, 90 கிராம்தான். அதை நழுவாமல் வைத்துக்கொள்ளப் பெரிய விசை தேவையில்லை. தொடக்கத்தில் விரல்கள் தளர்ந்திருக்க வேண்டும். தொடும் தறுவாயில் மட்டும் இறுக வேண்டும். தொடக்கம் முதலே இறுக்கிப் பிடித்தால் முன்கையின் எதிரெதிர்த் தசைகள் இரண்டும் சேர்ந்து சுருங்கி, சுழற்சியைப் பூட்டிவிடும். டிராப் அடிக்கும்போது அந்தக் கடைசி இறுக்கத்தைச் சற்றுக் குறைத்து, மட்டை முகத்தைச் சாய்த்துச் சீவுகிறார்கள். மற்ற எதுவும் மாறுவதில்லை.

மட்டை பிடிக்காத கைக்கும் வேலை இருக்கிறது. வலக்கை ஆட்டக்காரர் இடக்கையை ஷட்டிலை நோக்கி உயர்த்துவது அதைச் சுட்டிக்காட்ட மட்டும் அல்ல. உயர்ந்த இடக்கை மார்பைப் பக்கவாட்டில் திறந்து வைக்கிறது. பிறகு அதை மடக்கி வயிற்றோடு இழுத்துக்கொள்ளும்போது உடலின் சுழற்சி விரைவாகிறது, இடப்பக்கம் நின்று வலப்பக்கத்தைப் பாயவிடுகிறது. இதன் அருமை தமிழ்நாட்டின் இரண்டு ஆட்டக்காரர்களை நினைத்தால் கூடுதலாக விளங்கும். 2024 செப்டம்பர் 2 அன்று பாரிஸ் பாராலிம்பிக்கில், மேற்கை குறைபாடு உள்ளோருக்கான எஸ்.யு.5 ஒற்றையர் பிரிவில் காஞ்சிபுரத்தின் துளசிமதி முருகேசன் வெள்ளியும் திருவள்ளூரின் மனிஷா ராமதாஸ் வெண்கலமும் வென்றார்கள். துளசிமதிக்குக் குறைபாடு இடக்கையில். அவர் வலக்கையால் ஆடுகிறார். மனிஷாவுக்கு வலக்கையில், அவர் இடக்கையால் ஆடுகிறார். அதாவது இருவருக்குமே, மற்றவர்கள் யோசிக்காமல் பயன்படுத்தும் அந்த இரண்டாவது கை முழுமையாக உதவிக்கு வராது. அந்தப் பங்கையும் இடுப்பும் வயிற்றுத் தசைகளும் கால்களும்தான் ஈடுகட்ட வேண்டும். இரு கையும் நன்றாக உள்ள ஒருவர் இடக்கையைத் தொங்கவிட்டு ஆடுவதைப் பார்க்கும்போது, கிடைத்ததைப் பயன்படுத்தாமல் விடுகிறாரே என்று தோன்றுவது இதனால்தான்.

இவை எல்லாம் ஷட்டிலுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தால்தான் பலிக்கும். ஷட்டில் தலைக்குப் பின்னால் விழத் தொடங்கிவிட்டால் மார்பு வளைந்து, கை பின்னோக்கி எட்டி, வீச்சு முழுவதும் சிதறும். எதிராளி உயர அடித்ததுமே மட்டைப்பக்கக் காலைப் பின்னால் வைத்து, குறுக்காக எட்டு வைத்து, ஷட்டில் தன் முன்னே விழும் இடத்துக்குப் போக வேண்டும். அடிக்கும்போது கால்கள் கத்தரிபோல இடம் மாறும்: பின்னிருந்த கால் முன்னே வரும், முன்னிருந்தது பின்னே ஊன்றி, உடனே களத்தின் நடுவுக்குத் தள்ளிவிடும். இந்த ஊன்றலில் ஓர் ஆபத்தும் உண்டு. ஜப்பானிய மருத்துவர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, இறகுப்பந்தில் முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் அறுபடுவது பெரும்பாலும் தலைக்கு மேல் அடித்தபின் ஒற்றைக்காலில் இறங்கும்போது என்றும், மட்டைக்கு எதிர்ப்பக்க முழங்காலிலேயே அதிகம் என்றும் காட்டியது. பின்களத்தின் பேக்ஹேண்ட் மூலையில்தான் அது மிகுதி. அங்கே தாமதமாகப் போய், உடம்பை வளைத்து அடித்து, ஒற்றைக்காலில் கோணலாக விழுவது வழக்கமான காட்சி. மரத்தளம் இல்லாமல் சிமென்ட் தரையில் ஆடுபவர்கள் முழங்காலை மடக்கி மெத்தென்று இறங்கப் பழகுவதை ஸ்மாஷுக்கு முன்னால் கற்றுக்கொள்வது நல்லது.

வீச்சு என்னவென்று தெரிவது ஒன்று, உடம்புக்கு அது வருவது வேறொன்று. முன்னோக்கி வீசும் கட்டம் பத்தில் ஒரு பங்கு வினாடி அளவே நீடிக்கிறது. கண்ணால் கண்டு, தவறை உணர்ந்து, தசைக்குத் திருத்தக் கட்டளை போய்ச் சேர அதைவிட அதிக நேரம் ஆகும். ஆகவே தொடங்கிய வீச்சை நடுவில் திருத்த முடியாது. அது முன்பே கட்டி வைத்த ஒன்றாக வெளிவருகிறது. பயிற்சி என்பது அந்தக் கட்டுமானம்.

அதைப் பற்றிய மிகப் பயனுள்ள கண்டுபிடிப்பு ஒன்று விளையாட்டுக் களத்திலிருந்து வரவில்லை, பட்டறையிலிருந்து வந்தது. 1920களில் மாஸ்கோவில் நிகொலாய் பெர்ன்ஸ்டைன் என்ற உடலியங்கியலார் உளியின் தலையில் சுத்தியல் அடிக்கும் தேர்ந்த தொழிலாளர்களைப் படம்பிடித்து அளந்தார். ஒவ்வொரு முறையும் சுத்தியல் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழுந்தது. ஆனால் தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவை போன பாதைகள் ஒவ்வொரு முறையும் சற்று வேறாக இருந்தன. தேர்ச்சி என்பது ஒரே அசைவைப் படியெடுப்பதல்ல என்று அவர் கண்டார். ஒரே முடிவை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடி எட்டுவது அது. புதியவர் எப்படிப் பழகுகிறார் என்பதற்கும் அவர் ஒரு விளக்கம் தந்தார். அசையக்கூடிய மூட்டுகள் பல. அத்தனையையும் ஒரே நேரத்தில் ஆள முடியாததால் புதியவர் சிலவற்றை விறைப்பாகப் பூட்டிக்கொள்கிறார். பழகப் பழகப் பூட்டுகள் ஒவ்வொன்றாகக் கழல்கின்றன. முதல் வாரத்துப் பிள்ளை மரக்கட்டைபோலக் கையை வீசுவதைப் பார்த்துப் பயிற்சியாளர் பதற வேண்டியதில்லை. ஆறு மாதம் கழித்தும் அப்படியே இருந்தால்தான் கவலை.

ஷட்டில் இல்லாத பயிற்சியில் தொடங்குவது இதனால் பொருத்தமானது. வெற்று வீச்சு, பழைய ஷட்டிலைக் கையால் வலைக்கு மேல் எறிவது, டென்னிஸ் பந்தைச் சுவருக்கு எறிவது எல்லாம் உடற்சுழற்சியின் வரிசையைக் கட்டுகின்றன. வெற்று வீச்சில் காது நல்ல நடுவர். மட்டை காற்றைக் கிழிக்கும் விர்ரென்ற ஓசை எந்த இடத்தில் உச்சமாகிறது என்று கேட்க வேண்டும். தலைக்குப் பின்னால் கேட்டால் வேகம் சீக்கிரமே செலவாகிவிட்டது. முன்னே, உச்சியில் கேட்டால் சரி. வேப்பமரக் கிளையில் நூல் கட்டி, எட்டும் உயரத்தில் ஷட்டிலைத் தொங்கவிட்டு அடிப்பது, கையை முழுக்க நீட்டித் தொடும் பழக்கத்துக்கு உதவும். ஆனால் தொங்கும் ஷட்டில் நகராது. நேரக்கணிப்பு அதில் வராது என்பதால் சில நாளிலேயே அதை விட்டு, ஒருவர் கையால் எறிந்து ஊட்டும் ஷட்டிலுக்கு மாறிவிட வேண்டும்.

அரியலூருக்குத் தெற்கே கொள்ளிடத்தைத் தாண்டினால் தஞ்சை. பூப்பந்தாட்டம் பிறந்த இடம் என்று பெயர் பெற்றது. இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் பூப்பந்திலிருந்து இறகுப்பந்துக்கு வரும் பிள்ளைகளிடம் ஒரு தனித் தன்மையைக் காணலாம். பூப்பந்து என்பது 27 முதல் 30 கிராம் எடையுள்ள கம்பளிப் பந்து; ஷட்டிலைப்போல ஐந்தாறு மடங்கு கனம். அதற்கு உறுதியான பிடியும் திண்மையான மட்டையும் வேண்டும். பந்து வரும் இடத்தைக் கணிப்பதிலும் தலைக்கு மேல் கை தூக்குவதிலும் அந்தப் பிள்ளைகள் முந்தியிருப்பார்கள். விரல் தளர்வும் கடைசி நேரச் சுழற்சியும்தான் புதிதாக வர வேண்டியவை. ஷட்டில் நடுவழியில் தயங்கி விழும் என்பதற்கும் கண் பழக வேண்டும். தொடக்கத்தில் அவர்கள் சீக்கிரமே வீசிவிடுவார்கள்.

ஷட்டிலோடு பழகத் தொடங்கியதும் எழும் கேள்வி, எந்த வரிசையில் அடிப்பது என்பது. 50 கிளியர், பிறகு 50 டிராப், பிறகு 50 ஸ்மாஷ் என்று அடுக்கடுக்காகச் செய்வதே வழக்கம். பார்க்க ஒழுங்காக இருக்கும். பயிற்சி முடியும்போது நன்றாகவும் வரும். 1986இல் சைனா குட், ரிச்சர்ட் மேகில் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு இந்த வழக்கத்தை அசைத்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது இறகுப்பந்தையே: மூன்று வகை சர்வீஸ்களைச் சில மாணவியர் அடுக்கடுக்காகவும் வேறு சிலர் மாறிமாறி, அடுத்தது எது என்று தெரியாத ஒழுங்கிலும் பழகினார்கள். பின்னர் சோதித்தபோது கலந்து பழகியவர்களே நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். பழகாத பக்கத்திலிருந்து சர்வீஸ் போடச் சொன்னபோதும் அவர்கள் கையே ஓங்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் அசைவைப் புதிதாகத் திட்டமிட வேண்டியிருந்ததே காரணம் என்று கருதப்படுகிறது. அடுக்கடுக்கான பயிற்சியில் இரண்டாவது அடியிலிருந்தே மூளைக்கு வேலை குறைந்துவிடுகிறது.

அந்த ஆய்வு சர்வீஸைப் பற்றியது, தலைக்கு மேல் அடிப்பதைப் பற்றியது அல்ல. வீச்சே கைக்கு வராத புதியவரைக் கலவையில் தள்ளினால் குழப்பமே மிஞ்சும். ஆகவே நடைமுறையில் முதலில் கிளியரை மட்டும் அடுக்காகப் பழகி, பத்துக்கு ஆறேழு சரியாகப் போகத் தொடங்கியதும் டிராப்பைக் கலந்து, பிறகு ஸ்மாஷையும் சேர்த்து, ஊட்டுபவர் கடைசி நொடியில் குரல்கொடுக்கும் அடியை அடிக்கும்படி ஏற்றிக்கொண்டு போகலாம். கிளியரை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. அது முழு வீச்சையும் கேட்கும், ஏமாற்ற முடியாது. பிடி தவறாக இருந்தும் ஒருவர் டிராப் அடித்துவிடலாம், கோணலான ஸ்மாஷ்கூட எப்படியோ வலை தாண்டும். பின்கோட்டிலிருந்து பின்கோட்டுக்குக் கிளியர் அடிப்பது மட்டும் வரிசை சரியாக இருந்தால்தான் வரும்.

சொல்லிக்கொடுக்கும் முறையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முன்கையைச் சுழற்று, தோளைத் திருப்பு என்று உடல் உறுப்பைக் குறித்துச் சொல்வதைவிட, ஷட்டில் போக வேண்டிய இடத்தையோ மட்டையின் தலையையோ குறித்துச் சொல்வது விரைவாகப் பலன் தருகிறது என்று காப்ரியேலே வுல்ஃப் முதலானோரின் ஆய்வுகள் 1990களின் இறுதியிலிருந்து பல விளையாட்டுகளில் காட்டிவந்துள்ளன. உறுப்பைக் கவனிக்கத் தொடங்கியதும் தானாக ஓடும் அசைவில் மனம் குறுக்கிடுகிறது. 'மட்டையின் தலையை ஷட்டிலுக்கு மேலே எறி' என்று சொன்னால் முன்கை தானே சுழன்றுகொள்ளும். ஒவ்வோர் அடிக்கும் பின்னால் திருத்தம் சொல்லிக்கொண்டே இருப்பதும் உதவுவதில்லை. பயிற்சியாளர் இல்லாத நாளில் பிள்ளை தவிக்கும். சில அடிகளுக்கு ஒருமுறை, ஒரே ஒரு குறை. ஊரில் பயிற்சியாளர் கிடைக்காதவருக்குக் கைப்பேசி போதும்: பக்கவாட்டிலிருந்து மெதுவோட்டத்தில் படம்பிடித்து, தொடும் கணத்தில் நிறுத்திப் பார்த்தால் முழங்கை மடங்கியிருக்கிறதா, ஷட்டில் தலைக்குப் பின்னால் இருக்கிறதா என்று இரண்டையும் தெரிந்துகொள்ளலாம்.

அளவும் முக்கியம். வீச்சை முடுக்குவது மார்பு, முன்தோள் தசைகள். அதை நிறுத்திப் பிடிப்பது தோளின் பின்புறத்துச் சிறு தசைகள். முடுக்குபவை பயிற்சியால் தாமாகவே வலுப்பெறுகின்றன. நிறுத்துபவை பின்தங்கி, நூற்றுக்கணக்கான ஸ்மாஷ்களுக்குப் பிறகு வலியாகப் பேசத் தொடங்கும். ரப்பர் பட்டையைத் தூணில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து முன்கையை வெளிப்புறமாக இழுக்கும் எளிய பயிற்சி அவற்றுக்கு உரம். களைத்த பின் அடிக்கும் அடிகளில் முழங்கை தானே தாழ்ந்துவிடும். அந்தத் தாழ்ந்த வீச்சும் பழக்கமாகப் பதியும். கை தாழத் தொடங்கியதும் நிறுத்திவிட்டு, மறுநாள் தொடர்வதே லாபம். அசைவு நினைவு உறக்கத்தில் உறுதிப்படுகிறது என்பதால், ஞாயிறு ஒருநாள் நான்கு மணிநேரத்தைவிட வாரத்தில் நான்கு நாள் தலா ஒரு மணிநேரம் மேலானது.

முன்னேற்றத்தை அளக்கத் தனியாக எதுவும் வரைய வேண்டாம்; களத்திலேயே கோடுகள் இருக்கின்றன. பின்கோட்டுக்கு 76 சென்டிமீட்டர் உள்ளே இரட்டையர் சர்வீஸுக்கான நீண்ட கோடு ஓடுகிறது. இந்த இரண்டு கோட்டுக்கும் இடைப்பட்ட சந்து கிளியருக்கு இலக்கு. வலையிலிருந்து 1.98 மீட்டரில் உள்ள குறுங்கோட்டுக்கு முன்னால் விழுந்தால் டிராப் தேறியது. 20 ஷட்டில் ஊட்டச் சொல்லி, எத்தனை தேறியது என்று வாரம் ஒருமுறை குறித்துவந்தால், கண்ணுக்குத் தெரியாத வளர்ச்சி எண்ணில் தெரியும். திறந்த மைதானத்தில் ஆடுபவர்கள் காற்று அடங்கும் அதிகாலையிலோ விளக்கு போட்ட பின்னோ இந்தக் கணக்கை எடுத்தால்தான் ஒரு வாரத்தை இன்னொரு வாரத்தோடு ஒப்பிட முடியும். எதிர்க்காற்றில் அடித்த கிளியர் நல்ல வீச்சையும் கெட்டதாகக் காட்டும்.

இன்னொரு சோதனை எதிராளியின் கால்களில் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் புரூஸ் அபெர்னதி 1980களில் இறகுப்பந்து அடிகளின் படங்களைத் தொடும் கணத்துக்கு முன்பே நிறுத்தியும், உடலின் சில பகுதிகளை மறைத்தும் காட்டி, ஷட்டில் எங்கே விழும் என்று ஊகிக்கச் சொன்னார். புதியவர்கள் மட்டையைப் பார்த்தே ஊகித்தார்கள். தேர்ந்தவர்களுக்கு அதற்கும் முன்னால் கையின் அசைவே துப்புக் கொடுத்தது. டிராப் அடிக்கப்போகிறவர் முழங்கையைச் சற்று முன்னதாகவே தளர்த்தினால் தேர்ந்த எதிராளி வலைக்கு ஓடத் தொடங்கிவிடுவார். கிளியரும் டிராப்பும் ஸ்மாஷும் ஒரே வீச்சாகத் தெரியும் வரை அவர் நடுவிலேயே நிற்க வேண்டியிருக்கும்.